கணிப்பொறி வலையமைப்பும் அனுமதி விதிகளும்

தில்லி மாநகரின் கிழக்கே, யமுனைக்கு அப்பால் அமைந்துள்ள மயூர் விஹார் பகுதியில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் அடுக்குமாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அரசு ஊழியர்களும் ஓய்வு பெற்றோரும், அவர்களிடையே கணிசமான தமிழ்க் குடும்பங்களும் அங்கு வாழ்ந்து வருகின்றனர். இத்தகைய வளாகம் ஒன்றின் வாயிலில் நடப்பதைச் சற்று உற்று நோக்கினால், கணிப்பொறி விஞ்ஞானத்தின் கடினமான பாடம் ஒன்று எளிதில் விளங்கும். வருபவரைக் காவலர் நிறுத்துகிறார். பெயரையும், செல்ல வேண்டிய வீட்டின் எண்ணையும் பதிவேட்டில் எழுதச் சொல்கிறார். உள்தொலைபேசியில் அந்த வீட்டாரைக் கேட்கிறார். அவர்கள் இசைந்தால் வாயிற்கதவு திறக்கப்படுகிறது.

இங்கு மூன்று செயல்கள் தனித்தனியே நடைபெறுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். எவரை எப்போது அனுமதிக்கலாம் என்னும் விதியை வகுத்தது சங்கத்தின் நிர்வாகக் குழு. இந்த ஒருவரை இப்போது அனுமதிக்கலாமா என்று தீர்மானிப்பவர் வீட்டுக்காரர். அத்தீர்மானத்தை வாயிலில் செயற்படுத்துபவர் காவலர். காவலர் மாறினாலும் விதி மாறுவதில்லை. விதியை மாற்ற விரும்பினால் காவலரை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. பதிவேடோ பின்னர் விசாரணை ஏதேனும் எழுந்தால் பயன்படுவது. கணிப்பொறி வலையமைப்புகளில் 'கொள்கைவழி அனுமதிக் கட்டுப்பாடு' என்று கூறப்படுவது இந்தப் பிரிவினையையே அடிப்படையாகக் கொண்டது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் அமைப்பு 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட ஆவணம் ஒன்றில், 'கொள்கையைத் தீர்மானிக்கும் இடம்', 'கொள்கையைச் செயற்படுத்தும் இடம்' என்ற இரு பெயர்கள் இடம் பெற்றன. அவை இன்றளவும் பாடநூல்களில் வழங்கி வருகின்றன.

தனிக் கணிப்பொறியிலிருந்து வலையமைப்புக்கு

ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கிய 1960-களிலேயே இச்சிக்கல் தோன்றிவிட்டது. ஒருவருடைய கோப்பை மற்றொருவர் படிக்கலாமா, திருத்தலாமா என்ற கேள்விக்கு, ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்வதே அன்றைய விடையாக இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய இருவரும் 1975-இல் எழுதிய கட்டுரை, இத்துறையில் எட்டு நெறிகளை வகுத்தது. ஒருவருக்கு அவருடைய பணிக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே உரிமை அளிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வெளிப்படையாக அனுமதிக்கப்படாதது எதுவும் மறுக்கப்பட்டதாகவே கொள்ளப்பட வேண்டும் என்பது மற்றொன்று. ஒருமுறை சரிபார்த்தோம், அது போதும் என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சரிபார்க்க வேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் நினைவில் கொண்டால் எஞ்சியவற்றைப் பெரும்பாலும் ஊகித்துக்கொள்ளலாம்.

அரசு அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. பட்டியலைத் தயாரிக்கும் எழுத்தர் அதற்குப் பணம் வழங்க ஆணையிட முடியாது; ஆணையிடும் அலுவலர் கருவூலத்தில் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. நிதி அதிகாரங்கள் பதவிக்குத்தான் ஒப்படைக்கப்படுகின்றன. அப்பதவியில் இருக்கும் மனிதருக்கு அல்ல. கணிப்பொறி உலகம் இந்த உண்மையை முறையாக ஏற்றுக்கொள்ள 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் கூன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் பதவிவழி அனுமதி முறையை முன்வைத்தனர். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் ரவி சாந்துவும் அவருடைய கூட்டாளிகளும் 1996-இல் அதற்குச் செம்மையான வடிவம் அளித்தனர். 2004-இல் அது அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது.

ஆயினும், பதவி ஒன்றை மட்டும் கொண்டு எல்லாவற்றையும் தீர்மானிக்க இயலாது. ஒரு பெரிய மருத்துவமனையில் செவிலியர் என்ற பதவியில் பல நூறு பேர் இருப்பார்கள். அவர்கள் அனைவரும் எல்லா நோயாளிகளின் ஏடுகளையும் காணலாம் என்று விடுவது முறையாகாது. எனவே விதி விரிவாக எழுதப்படுகிறது: செவிலியர் ஒருவர், தமது வார்டில் அனுமதிக்கப்பட்டுள்ள நோயாளியின் மருந்துப் பட்டியலை, தமது பணி நேரத்தில், அந்த வார்டின் கணிப்பொறியிலிருந்து காணலாம். ஆளின் தன்மை, கேட்கப்படும் செய்தியின் தன்மை, நேரம், இடம், பயன்படுத்தும் கருவி ஆகிய யாவும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கியுள்ளன. செவிலியர் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டால் விதியில் ஓர் எழுத்தையும் திருத்த வேண்டியதில்லை. பணியாளர் பதிவேட்டில் அவருடைய வார்டின் பெயர் மாறினால் போதும். அந்தப் பதிவேடு உடனுக்குடன் திருத்தப்படுகிறதா என்பது வேறு கேள்வி. அதனைப் பின்னர் காண்போம்.

விதிகள் பெருகும்போது அவை ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் விற்பனையாளர் எவரையும் விடக் கூடாது என்று சங்கத்தின் குழு முடிவு செய்துள்ளது. தமக்கு மருந்து கொண்டு வருபவரை விடுமாறு மூன்றாம் மாடிக்காரர் கூறுகிறார். காவலர் யார் சொல்லைக் கேட்பது? மனிதராக இருப்பதால் அவர் எப்படியோ சமாளித்துவிடுவார். இயந்திரத்துக்கு அது இயலாது. விதிகளை எழுதுவதற்கென 2003-இல் வகுக்கப்பட்ட எக்ஸ்.ஏ.சி.எம்.எல். என்னும் மொழியில், முரண்பாடு நேரும்போது மறுப்பு மேலோங்குமா, அனுமதி மேலோங்குமா என்பதை முன்கூட்டியே குறிப்பிடுவதற்கு வழி செய்யப்பட்டுள்ளது. இத்தேர்வைத் தொழில்நுட்பப் பணியாளரிடம் விட்டுவிடுவது பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. அது நிர்வாகம் தானே எடுக்க வேண்டிய முடிவாகும்.

எய்ம்ஸ் மருத்துவமனையில் நேர்ந்தது

மயூர் விஹாரில் வசிக்கும் ஒருவர், முதல் கட்டப் பகுதியின் நிலையத்திலிருந்து இளஞ்சிவப்புத் தடத்தின் மெட்ரோ ரயிலில் தில்லி ஹாட் நிலையம் சென்று, அங்கிருந்து மஞ்சள் தடத்துக்கு மாறினால், அடுத்த நிலையம் எய்ம்ஸ். 1956-இல் நிறுவப்பட்ட அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்துக்குத் தலைநகரின் எல்லாப் பகுதிகளிலிருந்தும், வட மாநிலங்கள் பலவற்றிலிருந்தும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய 'இ-ஹாஸ்பிடல்' என்னும் முறையின் வாயிலாகப் பதிவுச் சீட்டு, பரிசோதனை, கட்டணம் முதலியவை அங்கு நடந்து வந்தன.

2022 நவம்பர் 23-ஆம் நாள் காலை அந்த முறை செயலிழந்தது. சர்வர்களில் இருந்த கோப்புகள், திறவுகோல் இன்றிப் படிக்க இயலாத இரகசியக் குறியீடுகளாக மாற்றப்பட்டிருந்தன. இத்தகைய தாக்குதலை 'ரேன்சம்வேர்' என்பர். பூட்டியவனே திறவுகோலையும் வைத்துக்கொண்டு பேரம் பேசுவது அதன் இயல்பு. புறநோயாளர் பதிவு, உள்நோயாளர் சேர்க்கை, பரிசோதனை அறிக்கை, கட்டண வசூல் ஆகிய அனைத்தும் கையெழுத்து முறைக்குத் திரும்பின. வெளியூரிலிருந்து வந்த நோயாளிக்கு இது எத்தகைய இன்னல் என்பதை விவரிக்கத் தேவையில்லை. பழைய பரிசோதனையின் முடிவு கணிப்பொறிக்குள் சிக்கிக்கொள்ள, மருத்துவர் முன் அவர் வெறுங்கையுடன் நிற்க வேண்டியதாயிற்று. சேவைகள் படிப்படியாகச் சீரடைய ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பிடித்தன.

இந்நிகழ்ச்சி பற்றி மைய அரசின் சார்பில் டிசம்பர் மாதம் மாநிலங்களவையில் அளிக்கப்பட்ட எழுத்து மூலமான விடை, இத்துறை மாணவர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய ஒன்று. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன என்றும், சுமார் 1.3 டெராபைட் அளவுள்ள செய்திகள் பூட்டப்பட்டன என்றும் அதில் தெரிவிக்கப்பட்டது. அடையாளம் தெரியாதவர்கள் ஊடுருவ இயன்றதற்கு, வலையமைப்பு முறையாகப் பகுதிகளாகப் பிரிக்கப்படாதிருந்ததே காரணம் எனவும் கூறப்பட்டது. பாதிப்புக்கு உள்ளாகாத மாற்றுச் சர்வர் ஒன்றில் இருந்த நகலிலிருந்து இ-ஹாஸ்பிடல் செய்திகள் மீட்கப்பட்டன. அந்த நகலும் அதே வலையில் அதே உரிமைகளோடு இருந்திருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

வலையமைப்பைப் பகுதிகளாகப் பிரித்தல் என்பதன் பொருள் யாது? மீண்டும் மயூர் விஹாருக்கு வருவோம். பெரிய வாயிலைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட ஒருவர் எல்லா வீடுகளிலும் நுழைந்துவிட முடிவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவும் பூட்டும் உண்டு. நீரேற்றும் அறையின் சாவி காவலரிடமும், சங்க அலுவலகத்தின் சாவி செயலாளரிடமும் இருக்கும். ஆனால் பல நிறுவனங்களின் கணிப்பொறி வலையமைப்புகள், வாயிலில் உயர்ந்த மதிலும் உள்ளே கதவே இல்லாத அறைகளும் கொண்ட கட்டடம் போல அமைந்துவிட்டன. வாயிலில் இருப்பது 'ஃபயர்வால்'. அதைத் தாண்டியபின் வரவேற்பறைக் கணிப்பொறியிலிருந்து ஆய்வுக்கூடச் சர்வருக்கும், அங்கிருந்து கணக்குப் பிரிவுக்கும் செல்லத் தடை இருப்பதில்லை. மின்னஞ்சல் ஒன்றைத் தவறிப்போய்த் திறந்துவிட்ட ஒரே ஓர் ஊழியரின் கணிப்பொறி, முழு நிறுவனத்துக்கும் வழி திறந்துவிடக்கூடும். பகுதிகள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு எல்லையிலும் விதியைச் செயற்படுத்தும் இடம் ஒன்று அமைக்கப்பட்டிருப்பின், அந்தத் தீ ஓர் அறையோடு நின்றுவிட வாய்ப்புண்டு.

தமிழ்நாட்டில் இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்று உள்ளது. திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பாக 2019 அக்டோபர் இறுதியில் செய்திகள் பரவின. முதலில் மறுப்பு வெளியிடப்பட்டது. மறுநாள், அக்டோபர் 30-இல், இந்திய அணுமின் கழகம் தனது கணிப்பொறி ஒன்றில் தீநிரல் காணப்பட்டது உண்மையே என அறிவித்தது. கணிப்பொறி அவசரகால நடவடிக்கைக் குழு செப்டம்பர் 4-ஆம் நாளிலேயே அதைத் தெரிவித்துவிட்டதாகவும் கூறியது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிகளுக்கென இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த வலையைச் சேர்ந்த ஒருவரின் கணிப்பொறி. முக்கியமான உள்வலை அதிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தமையால் நிலையத்தின் இயக்கத்துக்குப் பாதிப்பு நேரவில்லை என்பது கழகத்தின் விளக்கம். தீநிரல் நுழைந்தது இரண்டு இடங்களிலும்தான். எவ்வளவு தூரம் செல்ல முடிந்தது என்பதில்தான் வேறுபாடு. எனினும், மருத்துவமனையை அணுமின் நிலையத்தைப் போல முற்றிலும் துண்டித்து வைக்க இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தின் முடிவு வார்டுக்குச் செல்ல வேண்டும். வார்டின் குறிப்பு மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும். எதை எதனோடு பேச விடுவது என்று நுணுக்கமாக எழுதும் வேலை மருத்துவமனைக்கே கூடுதலாக உள்ளது.

விதியை எழுதுவதில் உள்ள இடர்ப்பாடுகள்

நள்ளிரவில் விபத்தில் அடிபட்டு நினைவிழந்த ஒருவர் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார் என்று கொள்வோம். அவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்ற குறிப்பு இதய நோய்ப் பிரிவின் ஏட்டில் இருக்கிறது. பணியில் உள்ள இளம் மருத்துவர் அப்பிரிவைச் சேர்ந்தவரல்லர். விதியின்படி இயந்திரம் மறுக்கிறது. இங்கு மறுப்பு என்பது பாதுகாப்பு ஆகாது. உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இந்நிலைக்கென 'கண்ணாடியை உடைத்தல்' என்னும் வழிமுறை கையாளப்படுகிறது. தீ எச்சரிக்கைப் பொத்தானை மூடியுள்ள கண்ணாடியை எவரும் உடைக்கலாம். ஆனால் உடைத்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவ்வாறே மருத்துவர் காரணத்தைக் குறிப்பிட்டு ஏட்டைத் திறக்கலாம். திறந்த செய்தி உடனே பதிவாகி, மறுநாள் மேலதிகாரியின் பார்வைக்குச் செல்லும். மேலதிகாரி அந்தப் பட்டியலை உண்மையாகவே பார்க்க வேண்டும் என்பதுதான் இதில் அடங்கியுள்ள நிபந்தனை. பார்க்காத மருத்துவமனையில் கண்ணாடி நாள்தோறும் உடைபடும்.

இதையொட்டியே மற்றொரு கேள்வி எழுகிறது. தீர்மானிக்கும் இடமே செயலற்றுப் போனால் என்ன செய்வது? உள்தொலைபேசி பழுதான நாளில் காவலர் எல்லோரையும் விடுவதா, எவரையும் விடாதிருப்பதா? வங்கியின் பண அறைக்கு விடை எளிது. கதவு மூடியே இருக்கட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் மருந்துப் பட்டியலுக்கு அதே விடையைக் கூற முடியாது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே சில கதவுகள் மூடிய நிலையிலும் சில கதவுகள் திறந்த நிலையிலும் பழுதாக வேண்டியுள்ளது. எந்தக் கதவு எந்த வகை என்பதை மருத்துவர்களைக் கலந்து பேசாமல் வகுக்க இயலாது.

பணியாளர் பதிவேடு பற்றி முன்னர் குறிப்பிட்டோம். அரசு அலுவலகங்களில் மாற்றல் ஆணை வருகிறது. பொறுப்பு ஒப்படைப்புச் சான்றில் மேசை, அலமாரி, சாவி, முத்திரை ஆகியவை குறிக்கப்படுகின்றன. கணிப்பொறிக் கணக்கும் அதன் உரிமைகளும் அச்சான்றில் எப்போதும் இடம் பெறுவதில்லை. மாற்றலாகிச் சென்றவர் புதிய இடத்தில் புதிய உரிமைகளைப் பெறுகிறார், பழையவை நீக்கப்படுவதில்லை. பத்தாண்டுகளில் நான்கு பிரிவுகளில் பணியாற்றியவரிடம் நான்கு பிரிவுகளின் சாவிகளும் சேர்ந்துவிடுகின்றன. இவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் இவருடைய கடவுச்சொல்லைத் திருடியவன் நான்கு அறைகளையும் திறப்பான். ஒப்பந்தப் பணியாளர் நிலை இதனினும் சிக்கலானது. அவருடைய பெயர் நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இராது. அவர் விலகியதை ஒப்பந்தக்காரர் தெரிவித்தால்தான் உண்டு.

இதற்கெல்லாம் மேலாக, பகிர்ந்துகொள்ளப்படும் கடவுச்சொல் என்னும் பழக்கம் ஒன்றுள்ளது. பதிவுச் சாளரத்தில் மூன்று வேளைப் பணியாளரும் ஒரே பெயரில் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துவர். சில இடங்களில் அது கணிப்பொறித் திரையின் ஓரத்தில் ஒட்டியும் வைக்கப்பட்டிருக்கும். இதைக் கண்டு சீறுவதற்கு முன், ஏன் இப்படி நடக்கிறது என்று ஆராய்தல் நலம். ஒவ்வொரு வேளை மாற்றத்தின்போதும் வெளியேறி, மீண்டும் நுழைய ஐந்து நிமிடம் ஆகுமானால், சாளரத்தின் முன் இருநூறு பேர் காத்திருக்கும் வேளையில் எந்தப் பணியாளரும் அதைச் செய்யமாட்டார். சால்ட்சரும் ஷ்ரோடரும் வகுத்த எட்டு நெறிகளுள் இறுதியானது, பாதுகாப்பு முறை பயன்படுத்துவோருக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதே. அட்டையைத் தொட்டவுடன் பணியாளர் மாறும் வசதியைச் செய்து கொடுத்துவிட்டுப் பிறகு தண்டனை பற்றிப் பேசலாம்.

சட்டமும் ஆணைகளும்

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இத்துறைக்கு அடித்தளம். கணிப்பொறி அவசரகால நடவடிக்கைக் குழு 2004 முதல் இயங்கி வருகிறது. 2022 ஏப்ரல் 28-இல், அதாவது எய்ம்ஸ் நிகழ்ச்சிக்கு ஏழு மாதங்களுக்கு முன்னரே, அக்குழு பிறப்பித்த ஆணையின்படி, தாக்குதல் பற்றி அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணிப்பொறிகளின் செயற்பதிவுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும். கணிப்பொறிகளின் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதும் அவ்வாணையில் அடங்கும். இது சிறு செய்தியாகத் தோன்றலாம். வாயிற் பதிவேட்டின் கடிகாரம் ஒன்றும் மாடிப் பதிவேட்டின் கடிகாரம் ஒன்றுமாக இருந்தால், எவர் முதலில் எங்கு சென்றார் என்பதை எந்தப் புலனாய்வாளராலும் கண்டறிய இயலாது.

2023 ஜூன் 30-இல் அரசு நிறுவனங்களுக்கெனத் தனியே பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள் வெளியிடப்பட்டன. அதே ஆண்டு நிறைவேறிய இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மக்களின் செய்திகளைத் தக்க முறையில் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வகை செய்துள்ளது. இனி எவருக்கு என்ன உரிமை அளித்தோம், ஏன் அளித்தோம் என்பதை நிறுவனம் எழுத்தில் காட்ட வேண்டியிருக்கும். எழுதப்பட்ட கொள்கை இல்லாத இடத்தில் அதைக் காட்டுவது கடினம்.

உலகெங்கும் இன்று பேசப்படுவது, வாயிலைத் தாண்டியவர் என்பதற்காக எவரையும் நம்பாதிருக்கும் முறை. ஜான் கிண்டர்வாக் என்பவர் 2010-இல் இதற்கு 'ஜீரோ டிரஸ்ட்' என்று பெயரிட்டார். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2020 ஆகஸ்டில் இதற்கான வரையறையை வெளியிட்டது. தீர்மானிக்கும் இடம், செயற்படுத்தும் இடம் என்ற பழைய இரு பெயர்களே அதிலும் நடுநாயகமாக உள்ளன. விற்பனையாளர்கள் இதனை ஒரு பெட்டியைப் போல விற்க முற்படுகின்றனர். பெட்டியை வாங்கிவிடலாம்; வார்டு செவிலியர் எதைக் காணலாம் என்ற வாக்கியம் அதற்குள் எழுதப்பட்டு வருவதில்லை.

மயூர் விஹார் வாயிலில் தீர்மானிப்பவர் வீட்டுக்காரர் என்று தொடக்கத்தில் கண்டோம். எய்ம்ஸ் போன்ற இடத்தில் அத்தீர்மானம் முழுவதும் நிறுவனத்தின் கையில் இருந்து வந்துள்ளது. 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் இலக்கமுறை இயக்கத்தில் இந்த நிலை சற்று மாறுகிறது. ஒரு மருத்துவமனையில் உள்ள ஏட்டை மற்றொன்று பெற வேண்டுமானால் நோயாளியின் இசைவு தேவை. எந்த நோக்கத்துக்காக, எவ்வளவு காலத்துக்கு என்பது அந்த இசைவிலேயே குறிக்கப்படுகிறது. பின்னர் அவர் அதைத் திரும்பப் பெறவும் செய்யலாம். அதாவது, உள்தொலைபேசியின் மணி இப்போது நோயாளியின் கைபேசியில் ஒலிக்கிறது. கைபேசி இல்லாத முதியவருக்கும், படிக்கத் தெரியாதவருக்கும், மயக்க நிலையில் கொண்டுவரப்படுபவருக்கும் அந்த மணிக்கு விடை கூறுபவர் யார் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விதிகளில் எழுதியாக வேண்டும்.